நாய் கடித்த கோழியை உடனே அறுக்காதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் விளைகளில் அவிழ்த்துவிட்டு வளர்க்கிற நாட்டுக்கோழிகள் காயத்தோடு வந்தால், பெரும்பாலும் நாயோ கீரியோதான் காரணம். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சாரே, இது பிழைக்குமா, அறுத்திரட்டா?"

குடல் வெளியே வரவில்லை, தலையைத் தூக்கிப் பார்க்கிறது என்றால் பொறுங்கள். தலைத்தோல் உரிந்து மண்டை ஓடு தெரிந்த கோழிகள்கூடத் தேறி மறுபடி முட்டையிட்டதைப் பார்த்திருக்கிறேன். கடிபட்ட கோழிகளில் பல, காயத்தைவிட அதிர்ச்சியாலும் குளிராலும்தான் சாகின்றன. அதில் தப்பினால் அடுத்தது புழு.

அதனால் மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன் ஒரு அட்டைப்பெட்டியைத் தேடுங்கள். அடியில் பழைய துணி விரித்து, காற்று போக ஓட்டை போட்டு, வீட்டுக்குள் இருட்டான மூலையில் வையுங்கள். கோழியின் இயல்பான உடல்சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதிர்ச்சியில் அது இறங்கிவிடும். மழையில் நனைந்திருந்தால் இன்னும் மோசம். துணியால் ஒற்றியெடுத்து, குண்டு பல்பை ஒரு பக்கமாக மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் அது தள்ளிப் போக இடம் வேண்டும். தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஓ.ஆர்.எஸ். கரைசலை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, தானாக விழுங்க விடுங்கள்.

கொஞ்சம் தெளிந்த பிறகு காயத்தைப் பாருங்கள். கையுறை கட்டாயம். வெறிநோய் கோழிக்கு இயல்பாக வருவது மிக அரிது. ஆனால் காயத்தில் நாயின் எச்சில் இருக்கும், உங்கள் கையில் கீறல் இருக்கலாம். பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காதீர்கள். நமக்கு மூச்சிழுக்க உதவுகிற உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசை) கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு விட முடியும். நாயின் பல் பதிந்த இடம் வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சதை கிழிந்திருக்கும். ஒன்று கண்ணில் பட்டால் எதிர்ப்பக்கத்திலும் இறகை விலக்கித் தேடுங்கள்.

கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் முக்கால் டீஸ்பூன் உப்பு கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் போவிடோன் அயோடினை வெளிறிய கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்துக்கு நீர்த்துப் போட்டால் போதும். சிறகின் மேலெலும்பு உடைந்து காயம் திறந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடாதீர்கள். அந்த எலும்பு உள்ளே கூடாக இருக்கும், மூச்சுக்கான காற்றுப்பைகளோடு சேர்ந்திருக்கும். தண்ணீர் அங்கே இறங்கிவிடும்.

மண்ணெண்ணெய், பினாயில் இரண்டும் வேண்டவே வேண்டாம். கழுவாத காயத்தில் மஞ்சள்பொடியை அப்பினால் அழுக்கு உள்ளேயே மூடிக்கொள்ளும். வலி மரத்துப்போக நாம் பூசுகிற களிம்புகளும் கோழிக்கு ஆபத்து.

இரண்டு மூன்று நாளில் காயத்தைச் சுற்றிப் பச்சை நிறம் வந்தால் அழுகிவிட்டது என்று பயந்து அறுத்துவிடுகிறார்கள். பறவைகளுக்கு ரத்தக்கட்டு பச்சையாகத்தான் மாறும். கறுத்து, நாற்றம் அடித்தால்தான் அழுகல்.

நம் மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை. ஈரமும் ஈயும் சேர்ந்தால் காயத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பெட்டிக்கு மேல் கொசுவலை போடுங்கள், துணியைத் தினமும் மாற்றுங்கள், காலையும் மாலையும் வாலுக்கு அடியிலும் பாருங்கள். புழு கண்டால் இடுக்கியால் எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

குடித்த தண்ணீர் கழுத்துக் காயம் வழியே ஒழுகுகிறது (கழுத்தடியில் உள்ள தீனிப்பை கிழிந்திருக்கிறது), தோலுக்கு அடியில் காற்று ஊதுகிறது, எலும்பு வெளியே தெரிகிறது, ஒரு நாளாக இரை தொடவில்லை: இவற்றில் எதற்கும் வீட்டு வைத்தியம் உதவாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழையுங்கள். மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறி வருகிறதே என்று சீக்கிரம் கூட்டத்தில் விட்டுவிடாதீர்கள். சிவப்பைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்திக் காயத்தைத் திறந்துவிடும். தோல் மூடி இறகு முளைக்கும் வரை, மற்றவை பார்க்கிற மாதிரி வலைக்கு இந்தப் பக்கம் வைத்துத் தீனி போடுங்கள். அதிக நாள் கண்ணில் படாமல் இருந்தால், திரும்பிப் போகும்போது புதுக்கோழி என்று அடித்துத் துரத்தும்.