நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும் ஆர்.பி.எம்.

கார் நியூட்ரலில் நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை. ஆனாலும் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) முள் 900-லிருந்து 1,500-க்கு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடியும் ஏறுகிறது. பல வருடம் ஓடிய பெட்ரோல் காரில் இப்படி நடந்தால், சென்சாரை மாற்றுவதற்கு முன்னால் ரப்பர் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது.

பிஸ்டன் இறங்கும்போது காற்றை இழுக்கிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருப்பதால் கேட்ட அளவு காற்று கிடைப்பதில்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தக் குறையழுத்தத்தை (வேக்குவம்) நம்பித்தான் பிரேக் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டர், இன்ஜின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இழுக்கும் பி.சி.வி. வால்வு, பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு எல்லாம் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹோஸ். ஒவ்வொரு ஹோஸும் வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டிருக்கிறது.

உள்ளே அழுத்தம் வெளியழுத்தத்தின் பாதிக்குச் சற்று மேல் இருக்கும் ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால், ஓட்டை வழியாக வரும் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதன்பின் உள்ளே எவ்வளவு இழுத்தாலும் அதற்கு மேல் வராது. 2 மில்லிமீட்டர் ஓட்டை என்றால் வினாடிக்குச் சுமார் 0.6 கிராம் காற்று. 1.6 லிட்டர் இன்ஜின் ஐடிலில் குடிப்பதே வினாடிக்கு 2 முதல் 3 கிராம்தான். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் வராத காற்று. அதே இன்ஜின் நெடுஞ்சாலையில் 15 கிராம் குடிக்கும்போது இந்த 0.6 கிராம் ஒரு பொருட்டே இல்லை. ஐடிலில் உதறும் கார் ஓட்டும்போது ஒழுங்காகப் போவது இதனால்தான். கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது.

ஆனால் ஏன் ஏறி இறங்க வேண்டும்? சும்மா ஒரே இடத்தில் உயர்ந்து நிற்கலாமே? பழைய இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில், த்ராட்டில் மூடியிருக்கும்போது ஆர்.பி.எம். ஒரு வரம்பைத் தாண்டினால் கார் சரிவில் இறங்குகிறது என்று ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்திவிடும். வரம்பு 1,500 என்று வைத்துக்கொள்வோம். திருட்டுக் காற்று ஆர்.பி.எம்.மை அதற்கு மேல் தள்ளுகிறது, பெட்ரோல் நிற்கிறது. 1,100 வரை விழுகிறது, பெட்ரோல் திரும்புகிறது, மறுபடியும் ஏறுகிறது. ஏற்ற இறக்கம் கடிகாரம் போல ஒரே சீராக இருந்தால் இந்தச் சுழற்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும். தாளமில்லாமல் தடுமாறினால் அது வேறு: பெட்ரோல் குறைந்த கலவை சில சமயம் பற்றாமலே போகிறது.

கார் காற்றை எப்படி அளக்கிறது என்று தெரியாமல், ஈ.சி.யூ.வின் தகவலைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை நம்பக் கூடாது. உள்ளே வரும் காற்றின் எடையை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில், சென்சாரைத் தாண்டி நுழையும் காற்று அளவில் சேராது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக்கணக்கு குலையும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள காரிலோ கசிவினால் மேனிஃபோல்டு அழுத்தமே கூடுவதால், ஈ.சி.யூ. அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும். கலவை சரியாக இருக்கும். ஐடில் மட்டும் 1,200-இல் நிற்கும். எந்தப் பிழைக்குறியீடும் வராது. ‘ஸ்கேனரில் ஒன்றும் இல்லை’ என்பதால் ஓட்டையும் இல்லை என்று ஆகாது.

முதல் வகைக் காரில் ஃபியூயல் ட்ரிம், அதாவது ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம், அருமையான சாட்சி. ஷார்ட் டேர்ம் (அந்தந்த நொடித் திருத்தம்), லாங் டேர்ம் (நினைவில் நிற்கும் திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐடிலில் +20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கும்போது +3, +4 என்று இறங்கினால் வேக்குவம் லீக்தான். ஐடிலில் ஒழுங்காக இருந்து, வேகத்தோடு ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்ட்டர் பக்கம் போக வேண்டும். ஸ்கேனர் மாட்ட முடியாத கார், கார்புரேட்டர் கார் என்றால் வேக்குவம் கேஜ் போதும். த்ராட்டிலுக்குப் பின்னால் மாட்டினால் நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். முள் ஆடாமல் 13-இல் நின்றால் கசிவு இருக்கலாம். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கினாலும் இதே அறிகுறிதான். அதனால் டைமிங்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இனி தேடுவது. ஹேண்ட்பிரேக் போட்டு, திறந்த வெளியில் நிறுத்தி, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் வேலை செய்யுங்கள். அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹோஸ் இணைப்புகள் மேல் நகர்த்தினால் ‘உஸ்’ சத்தம் தெளிவாகக் கேட்கும். பி.சி.வி. ஹோஸின் வளைவில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். மேல்பக்கம் பார்த்தால் கறுப்பாக, முழுசாகத்தான் இருக்கும். விரலால் வளைத்தால் அடிப்பக்கம் நீளவாக்கில் வாய் பிளக்கும். எண்ணெய் ஊறி மெத்தென்று ஆகிவிட்ட ஹோஸ் இன்ஜின் ஓடும்போது உள்வாங்கிச் சப்பையாகும், அதையும் மாற்றிவிடுங்கள்.

பிரேக் பூஸ்டரைத் தனியாகச் சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்தி ஐந்தாறு முறை பெடலை அழுத்தி, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, பெடலை மிதிக்கும்போது ஐடில் கெட்டு உஸ் சத்தம் வந்தாலோ பூஸ்டரையோ அதன் ஹோஸையோ சந்தேகியுங்கள். இதில் பிரேக்கும் சம்பந்தப்பட்டிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங், கார்புரேட்டர் அடி கேஸ்கெட், தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்ட் ஆகியவற்றில் காது உதவாது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஆர்.பி.எம். மாறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். வேலை செய்யும்தான், ஆனால் சூடான எக்ஸாஸ்டும் பிளக் ஒயரும் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைச் சூட்டில் அடிக்கவே கூடாது, நச்சு வாயு உண்டாகும். மின் இணைப்புகளைத் தவிர்த்து இணைப்புகளின் ஓரத்தில் தண்ணீரைப் பூவாகத் தெளிப்பது பாதுகாப்பானது: ஓட்டையைத் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும், இன்ஜின் சத்தம் மாறும். எதிலும் அகப்படாத கசிவுக்கு ஸ்மோக் மெஷின்தான். இன்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்ட்டர் பக்கத்தை அடைத்து, 1 பி.எஸ்.ஐ.க்கும் குறைந்த அழுத்தத்தில் புகை விட்டால் கசியும் இடத்தில் நூல்போல எழும்பும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் பாருங்கள். சூட்டில் விரிந்து தானே மூடிக்கொள்ளும் கேஸ்கெட்டுகள் உண்டு.

மாஸ் ஏர்ஃப்ளோ கார்களில் ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும்கூடக் காற்றுக் கசியும் இடங்கள், ஏனென்றால் பி.சி.வி. ஹோஸ் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸை மேனிஃபோல்டோடு இணைக்கிறது.

கசிவை அடைத்த பிறகு ஐடில் ஒருவேளை மிகவும் இறங்கி, இன்ஜின் நின்றுவிடும். பயப்பட வேண்டாம். கசிவு இருந்த காலத்தில் யாரோ ஐடில் ஸ்க்ரூவைத் திருகியிருப்பார்கள், அல்லது ஈ.சி.யூ. பழைய ட்ரிம்மையே வைத்திருக்கும். த்ராட்டில் பாடியையும் ஐடில் கண்ட்ரோல் வால்வையும் கரி போகச் சுத்தம் செய்து, பழைய ட்ரிம்மை அழித்துவிட்டு, இன்ஜின் முழுச் சூடு ஏறிய பின் ஐடிலைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வையுங்கள்.