பயோமார்க்கர்: நோய்க்குறியா, குறிப்பானா?

மலேசியாவில், கழுத்து ரத்தக்குழாயின் அடைப்பை நீக்கும் அறுவைக்காகச் சுங்கை சிப்பூட்டிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பப்படுபவரின் ரத்த அறிக்கையைப் பார்த்து ‘மார்க்கர் கூடியிருக்கு’ என்று டாக்டர் சொன்னால், தோட்டத்துப் பெரியவர்களுக்கு அது ஏதோ புது வியாதியின் பெயர்போலக் கேட்கும். அது பயோமார்க்கர், உடம்பின் நிலையைக் காட்டும் ஓர் அளவு மட்டுமே. குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது.

‘பயோ’ கிரேக்கத்தில் உயிர், வாழ்வு. ‘மார்க்’ பழைய ஜெர்மானியச் சொல், முதற்பொருள் எல்லை. டென்மார்க்கின் கடைசிப் பாதியும் அதுவே. எல்லைக்கல் நிலத்தின் அளவைக் காட்டும். மண்ணின் தரத்தைக் காட்டாது. ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோரில் கிராணி, மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவியை ரப்பர்ப் பாலில் மிதக்கவிட்டதும் இப்படித்தான். ரப்பர் எவ்வளவு என்று தெரியும். எந்த மரத்தின் பட்டை கெட்டது என்று தெரியாது.

தமிழில் ‘உயிரிக்குறியீடு’ என்றும் எழுதுகிறார்கள். குறியீடு என்றால் சங்கேதம், அது பொருந்தவில்லை. ‘உயிர்க்குறிப்பான்’ பரவாயில்லை, ஆனால் உயிருக்கே ஆபத்து என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் அளப்பதற்குக் ‘குருதிக் குறிப்பான்’ போதும். மலாயில் ‘தண்டா’விலிருந்து ‘பெனண்டா’ பிறந்ததுபோல, குறியிலிருந்து குறிப்பான்.

அறிக்கையில் அதிகம் தென்படுவது சி-ரியாக்டிவ் புரோட்டீன், அதாவது சிஆர்பி. அந்த ‘சி’ வைட்டமின் அல்ல. 1930இல் நிமோனியாக் கிருமியின் ‘சி’ எனப் பெயரிட்ட சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்த புரதம் இது. அழற்சி வந்தால் கல்லீரல் இதைச் சுரக்கும். நுண்ணளவுச் சோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதய, ரத்தக்குழாய் ஆபத்து குறைவு; 3க்கு மேல் கூடுதல். 10ஐத் தாண்டினால் முதலில் தேட வேண்டியது கழுத்தை அல்ல: சீழ்பிடித்த பல், காய்ச்சல், இனிப்புநீர்க்காரரின் காலில் ஆறாத புண். அவை ஆறியபின், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அறுவை முடிந்த முதல் இரண்டு, மூன்று நாளில் சிஆர்பி எல்லாருக்கும் ஏறும். கத்தி பட்ட உடம்பின் இயல்பு அது.

மூளைக்குச் சேதம் நேர்ந்ததா என்று பார்க்க எஸ்100பி என்ற புரதம், என்எஸ்இ என்ற நரம்பணு நொதி என இரண்டு குறிப்பான்கள் உண்டு. எஸ்100 என்பது அம்மோனியம் சல்பேட்டின் 100 விழுக்காடு செறிந்த கரைசலிலும் கரையும் புரதம் என்பதால் வந்த பெயர். அறுவையின்போது குழாயை இடுக்கியால் அடைக்கையில் மூளைக்கு ரத்தம் குறையலாம்; குழாயை அடைத்திருக்கும் கொழுப்புப் படிவின் துணுக்கு பெயர்ந்து மேலே போகலாம். அப்போது இவை உயரலாம். ஆனால் எஸ்100பி கொழுப்புத் திசுவிலும் இருக்கிறது. கழுத்தைக் கீறியதாலேயே சற்று ஏறக்கூடும். என்எஸ்இ சிவப்பணுவுக்குள்ளும் இருப்பதால், சோதனைக் குழாயில் குலுங்கியோ தாமதித்தோ சிவப்பணு உடைந்த ரத்தம் பொய்யாக உயர்ந்த எண்ணைத் தரும். மாதிரி தொலைவு போகும் ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அறுவையை முடிவு செய்வது எது? அடைப்பின் அளவும், அறிகுறி வந்ததா என்பதும்தான். வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றின் 1991 முடிவுப்படி, அறிகுறி வந்து 70 முதல் 99 விழுக்காடு அடைப்புள்ளவர்களில், மருந்து மட்டும் எடுத்தோருக்கு இரண்டாண்டில் அடைப்புள்ள பக்கத்து மூளையில் பக்கவாதம் 26 விழுக்காடு. அறுவை செய்தோருக்கு 9. அறிகுறி தோன்றி இரண்டு வாரத்துக்குள் செய்தால் பலன் மிகுதி. சிஆர்பி கூடியவர்களுக்கு ஆபத்தும் கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டின. இருந்தும் அந்த எண்ணை மட்டும் வைத்து யாரையும் அறுவைக்கு அனுப்புவதில்லை, நிறுத்துவதுமில்லை.

பக்கவாதத்தில் உள்ள ‘வாதம்’ காற்று. மலாயில் ‘அங்கின் அஹ்மார்’, செங்காற்று. இரண்டு மொழியும் காற்றைத்தான் பழித்தன. கழுத்துக் குழாய் வழியாக வருவது ரத்தக்கட்டியும் படிவின் துணுக்கும்.

நோய்க்குறி என்பது வேறு. வாய் கோணுவது, ஒரு கை துவள்வது, பேச்சுக் குழறுவது, ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் சில நிமிடம் இருண்டு தெளிவது: இவை குறிப்பான்கள் அல்ல, குறிகள். கழுத்துக் குழாய் அடைபட்ட பக்கத்திலேயே கண் மங்கும். கை எதிர்ப்பக்கத்தில் துவளும். தானாகச் சரியாகிவிட்டாலும் 999ஐ அழைக்க வேண்டும், ரத்த அறிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது.