விகிதம், வீதம், பங்கு: ஒரு சொல் விளக்கம்

ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘விகிதம்’ நுழைகிறது. அதன்பின் பள்ளி முடியும்வரை அது மாணவர்களை விடுவதே இல்லை. விகிதசமம், விகிதமுறு எண், முக்கோணவியல் விகிதங்கள், அடிப்படை விகிதசமத் தேற்றம் என்று வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துகொண்டே இருக்கும். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களும், அதற்கும் மேலே ஐஓக்யூஎம் என்ற ஒலிம்பியாட் முதல்படித் தேர்வை எழுதுகிறவர்களும் வடிவியல் பகுதியில் அடிக்கடி முட்டிக்கொள்வது விகிதத்தில்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் ‘ரேஷியோ’ என்பார்கள், தமிழ் வழியில் படிப்பவர்கள் ‘விகிதம்’ என்பார்கள். நடுவில் இரண்டு புள்ளி போட எல்லாருக்கும் தெரியும். அந்தப் புள்ளிகளின் இரு பக்கமும் நிற்கும் எண்கள் எதை எண்ணுகின்றன என்று கேட்டால்தான் பதில் வர நேரமாகிறது.

விகிதம் வடமொழியில் ‘விஹித’ என்ற சொல். ‘வி’ என்ற முன்னொட்டும், வைத்தல் என்று பொருள்படும் ‘தா’ என்ற வேரும் சேர்ந்தது. வகுத்து வைக்கப்பட்டது, விதிக்கப்பட்டது, தக்கது என்பதெல்லாம் அதன் பழைய பொருள்கள். விதி, விதம் என்ற சொற்களும் இதே வேரில் பிறந்தவைதான். ‘ஹ’ ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் ககரம் வந்து விகிதம் ஆனது. அப்புறம் பேச்சில் நடு எழுத்து கரைந்து ‘வீதம்’ ஆனது. மிகுதி என்பது மீதி ஆனதும், பகுதி என்பது பாதி ஆனதும் இதே வழிதான். ஆக விகிதமும் வீதமும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். இன்று வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டன. ஒரே வகைப் பொருள்களை ஒப்பிட்டால் விகிதம். ‘ஆளுக்கு ரெண்டு வீதம்’, ‘மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம்’ என்று ஒன்றுக்கு இவ்வளவு எனக் கணக்குச் சொன்னால் வீதம். இலங்கைத் தமிழில் சதவீதத்தை நூற்றுவீதம் என்பார்கள்.

எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இதே சொல்லுக்கு வேறு வேலை. மலையாளத்தில் ‘விஹிதம்’ என்றால் ஒதுக்கிய பங்கு. மத்திய அரசு மாநிலத்துக்குத் தரும் தொகை விஹிதம், ரேஷன் கடையில் அட்டைக்குக் கிடைக்கும் அரிசியும் விஹிதம். கணக்குப் பாடத்தில் நாம் விகிதம் என்பதை அவர்கள் ‘அம்சபந்தம்’ என்பார்கள். அம்சம் என்றால் பகுதி, பந்தம் என்றால் தொடர்பு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது எங்கள் கன்னியாகுமரி மாவட்டம். இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்த வீடுகள் விளவங்கோடு பக்கம் இன்றும் நிறைய உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விகிதம் என்று படித்தாலும் விஹிதம் என்று புரிந்துகொள்ளுங்கள், கணக்கு பாதி முடிந்துவிடும்.

ஐரோப்பியப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் வடிவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் விகிதத்துக்கு எழுதிய கிரேக்கச் சொல் ‘லோகோஸ்’. பேச்சு, கணக்கு, காரணம் எல்லாம் அதில் அடங்கும். லத்தீனில் அது ‘ராட்டியோ’ ஆயிற்று. நம் பிள்ளைகள் சொல்லும் ரேஷியோ அதிலிருந்து வந்தது. நம் தெருவில் இருக்கும் ரேஷன் கடையின் ‘ரேஷன்’ என்ற பெயரும் அதே ராட்டியோவின் வழியில்தான் வந்தது. மலையாளத்தில் ‘ரேஷன் விஹிதம்’ என்று எழுதும்போது லத்தீன் விகிதமும் வடமொழி விகிதமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுமே அங்கே பங்கு என்றுதான் பொருள்படுகின்றன.

சரி, நேரான தமிழ்ச் சொல் எது? ‘தகவு’ என்று சில கலைச்சொல் பட்டியல்களில் உண்டு. விஹித என்பதற்குள் இருக்கும் ‘தக்கது’ என்ற பொருளுக்கு அது பொருந்துகிறது. ஆனால் குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தில் வரும் தகவு ஒருவருடைய நேர்மையைச் சொல்வது. 2 : 5 என்று எழுதியதைப் பார்த்துத் தகவு என்றால் குழந்தைக்கு எந்தப் பிடியும் கிடைக்காது. ‘விழுக்காடு’ அருமையான சொல், ஒவ்வொருவருக்கும் விழும் பங்கு என்ற பொருளில் வழங்கியது. இன்று அது நூற்றுக்கு இவ்வளவு என்பதற்கென்றே நிலைத்துவிட்டது. அதை அங்கிருந்து கிளப்ப வேண்டாம்.

மிஞ்சுவது ‘பங்கு’. இதுதான் வேண்டிய சொல் என்பது என் கருத்து. பகு என்ற வேரோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொற்கள் தமிழில் ஒரு குடும்பமாகவே இருக்கின்றன: பகுதி, பாதி, பால். வயலில் விளைந்ததை மேல்வாரம், குடிவாரம் என்று பிரித்தபோது பேசியது பங்கைத்தான். குளச்சலிலும் முட்டத்திலும் மீன் விற்ற பணத்தில் வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு போக மீதியை ஆளுக்கு இத்தனை பங்கு என்றுதான் பிரிக்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்தச் சொல்லை எவ்வளவு துல்லியமாக ஆள்கிறது பாருங்கள். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. நட்டுவம் செய்பவருக்கு இரண்டு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்ற விகிதம், அதன்பின் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்ற அளவு. இந்த இரண்டையும் கலக்காமல் தனித்தனியே வைப்பதுதான் போட்டித் தேர்வு விகிதக் கணக்கின் முழு வித்தை. கேள்வியில் 2 : 5 என்று இருந்தால் அவை சென்டிமீட்டர் இல்லை, பங்குகள். ஒரு பங்கின் நீளம் என்ன என்பது தெரியாது. பல கணக்குகளில் கடைசிவரை தெரியவே வேண்டியதில்லை.

பகுதிக்கும் பகுதிக்கும் உள்ள விகிதம் வேறு, பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள விகிதம் வேறு. இதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறெங்கும் கிடைக்காது. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. சிலை 95 அடி, பொருட்பாலின் 70-ம் இன்பத்துப்பாலின் 25-ம் சேர்ந்தது. மூன்று எண்களும் 19-ஆல் வகுபடும். ஒரு பங்கு 19 அடி என்று வைத்தால் பீடம் 2 பங்கு, சிலை 5 பங்கு, மொத்தம் 7 பங்கு. பீடத்துக்கும் சிலைக்கும் 2 : 5. பீடத்துக்கும் மொத்தத்துக்கும் 2 : 7. ‘அறத்துப்பால்’ என்பதில் உள்ள பாலும் பகுப்பு என்ற அதே பொருளில் வருவதுதான்.

இப்போது இதை ஒரு முக்கோணத்துக்குள் கொண்டுபோகலாம். பக்கங்களில் உள்ள புள்ளிகளுக்கு வல்லின எழுத்துகளையும், உள்ளே கோடுகள் வெட்டும் புள்ளிக்கு மட்டும் ம-வையும் பெயராக வைத்துக்கொள்கிறேன். முக்கோணம் கசட. அடிப்பக்கம் சட. அதற்கு இணையாக ஒரு கோடு, கச என்ற பக்கத்தை உச்சியிலிருந்து 2 : 5 என்ற விகிதத்தில் வெட்டுகிறது. மேலே உள்ள சிறு முக்கோணத்துக்கும் கீழே உள்ள சரிவகத்துக்கும் பரப்பளவு விகிதம் என்ன? அவசரத்தில் 4 : 25 என்று எழுதிவிட்டு வருபவர்கள் அதிகம். வடிவொத்த முக்கோணங்கள் என்றால் சிறியதும் பெரியதும். பெரியது என்பது முழு முக்கோணம். பக்கங்கள் 2 : 7, ஆகவே பரப்பளவு அவற்றின் வர்க்கங்களாக 4 : 49. சரிவகம் 49-இல் 4 போக 45. விடை 4 : 45. தேற்றம் தெரியாமல் இங்கே யாரும் தவறுவதில்லை. எது பகுதி, எது முழுமை என்று கேட்காமல் விடுவதால்தான் தவறு வருகிறது.

இன்னொரு கருவி இதைவிட எளிது, இதைவிட வலியது. உயரம் ஒன்றாக உள்ள இரண்டு முக்கோணங்களின் பரப்பளவு அடிப்பக்கங்களின் விகிதத்திலேயே இருக்கும். நீள விகிதத்தைப் பரப்பளவுப் பங்காக மாற்ற இது போதும்.

கசட முக்கோணத்தில் சட மேல் த என்ற புள்ளி, சத : தட = 3 : 2. கட மேல் ப என்ற புள்ளி, கப : பட = 1 : 2. கத, சப என்ற கோடுகள் ம-வில் வெட்டிக்கொள்கின்றன. கம : மத எவ்வளவு?

ம-விலிருந்து மூன்று உச்சிகளுக்கும் கோடு இழுத்தால் முக்கோணம் மூன்று துண்டாகும்: கமச, கமட, சமட. கத என்ற கோடு முழு முக்கோணத்தை 3 : 2 என்று பிரிக்கிறது, கீழே உள்ள சமட-வையும் 3 : 2 என்றே பிரிக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மேலே மிஞ்சுவதும் 3 : 2. அதாவது கமச 3 பங்கு, கமட 2 பங்கு. இதே காரணத்தால் சப என்ற கோட்டின் இருபுறமும் உள்ள கமச, சமட என்பவை 1 : 2. கமச-வுக்கு ஏற்கெனவே 3 பங்கு கொடுத்தாயிற்று. ஆகவே சமட 6 பங்கு. மொத்தம் 11. கத மீது ம எங்கே நிற்கிறது என்பதை மேலுள்ள துண்டுகளும் கீழுள்ள துண்டும் சொல்லிவிடும்: கம : மத = (3 + 2) : 6, அதாவது 5 : 6. சம : மப கேட்டால் (3 + 6) : 2, அதாவது 9 : 2. ஐஓக்யூஎம் தேர்வில் விடை 00 முதல் 99 வரையுள்ள எண்ணாக இருக்க வேண்டும் என்பதால், விகிதத்தைச் சுருக்கி இரண்டு எண்களையும் கூட்டி எழுதச் சொல்வது வழக்கம். முதல் கேள்விக்கு 5-ம் 6-ம் சேர்ந்து 11.

ட-விலிருந்து ம வழியாகக் கோட்டை நீட்டினால் அது கச-வை ற-வில் தொடும். கற : றச என்பது கமட-வுக்கும் சமட-வுக்கும் உள்ள விகிதம், 2 : 6, சுருக்கினால் 1 : 3. மூன்று பக்க விகிதங்களையும் சுற்றி வரிசையாகப் பெருக்கிப் பாருங்கள்: மூன்றில் ஒன்று, பெருக்கல் இரண்டில் மூன்று, பெருக்கல் இரண்டு. ஒன்று வரும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் சீவா தேற்றம் என்று இருப்பது இதுதான். இத்தாலியரான ஜியோவன்னி சீவா 1678-இல் வெளியிட்டார். அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 11-ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் சரகோசாவை ஆண்ட அல்-முஃதமன் இதை எழுதியிருக்கிறார். மனப்பாடம் செய்ய வேண்டிய தேற்றமாக இதைக் கொடுப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். மூன்று துண்டுகளுக்கும் பங்கு போட்டுப் பார்த்த பிள்ளை அதைத் தானே கண்டுபிடித்துவிடும்.

பங்கு என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முக்கோணத்தின் பரப்பளவைச் சரிபாதியாக வெட்டும் இணைகோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள சிறு முக்கோணத்துக்கும் முழு முக்கோணத்துக்கும் பரப்பளவு 1 : 2, ஆகவே பக்கம் 1-க்கு இரண்டின் வர்க்கமூலம். எவ்வளவு சின்னப் பங்காக வெட்டினாலும் இரண்டு நீளமும் முழுப் பங்குகளாக வராது. இப்படிப்பட்டவற்றுக்கும் பொருந்தும் விகித வரையறைதான் யூக்ளிடின் ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. அதை உருவாக்கியவர் யூடாக்சஸ் என்ற கிரேக்கக் கணித அறிஞர் என்பார்கள். விகிதமுறா எண் என்று நாம் அழகாகத் தமிழில் சொல்வது இந்த வகையைத்தான். அதனால்தான் பாடப்பெயராக விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, படிக்கும்போது மட்டும் பங்கு என்று படிக்கச் சொல்கிறேன். ‘2 : 5’ என்பதை ‘இரண்டு இஸ் டு ஐந்து’ என்று வாசிக்காமல் ‘இரண்டு பங்குக்கு ஐந்து பங்கு’ என்று வாயால் சொன்னாலே போதும்.

கடைசியாக, பங்கு முறையைப் பழக மிகவும் ஏற்ற ஒரு கணக்கு. முன்பு போலவே த, ப, ற என்ற புள்ளிகள் மூன்று பக்கங்களிலும். ஆனால் இம்முறை சத : தட, டப : பக, கற : றச மூன்றும் 1 : 2. கத, சப, டற என்ற மூன்று கோடுகளும் இப்போது ஒரே புள்ளியில் சந்திக்காது, நடுவில் ஒரு குட்டி முக்கோணத்தை விட்டுவிடும். அது முழு முக்கோணத்தில் எத்தனையில் ஒரு பங்கு?

கத-வும் சப-வும் வெட்டும் புள்ளியை ம என்று வைத்தால் கமச-வும் கமட-வும் 1 : 2, கமச-வும் சமட-வும் 2 : 1. கமச-வுக்கு 2 பங்கு கொடுத்தால் கமட 4, சமட 1. மொத்தம் 7, அதில் கமச 2. மற்ற இரண்டு வெட்டுப்புள்ளிகளிலும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டி 7-இல் 2 பங்குள்ள ஒரு முக்கோணம், மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 6. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அவை சுற்றி நிற்கின்றன என்பதைப் படம் வரைந்து பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் மிஞ்சுவது ஏழில் ஒன்று. 1 : 2-க்குப் பதிலாக 1 : 3 போட்டால் நடுவில் பதின்மூன்றில் நான்கு வரும், அதையும் இதே வழியில் போட்டுச் சரிபார்க்கலாம்.