கைது அபாயமா, கைதுக்குத் துணிவா?

"கைதாகும் அபாயத்தை எடுக்கத் தயாராக இருப்பவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கவும்." போன வாரம் கோத்தகிரியில் என் கைக்கு வந்த துண்டறிக்கையில் இருந்த வரி இது. போர் வேண்டாம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேசாமல் உட்காரப் போகிறவர்களுக்கான பயிற்சிக்கு அச்சடித்தது. நல்ல காரியம்தான், நானும் போகிறேன். ஆனால் ஆங்கிலத்தில் 'ரிஸ்க்'கை எடுப்பார்கள், தமிழில் அபாயத்தை எப்படி எடுப்பது, கரண்டியாலா? இதே வரியை இதற்கு முன் இரண்டு அறிக்கைகளில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்றாவது தடவை முடியவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, எஸ்டேட்டில் முப்பது வருஷம் இலை பறித்தவர், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "அபாயம்னா மண்டை ஓடு போட்டு ட்ரான்ஸ்ஃபார்மர்ல தொங்குமே, அதா தம்பி?"

அதேதான். அபாயம் வடசொல். நீங்குதல், கேடு, அழிவு என்று பொருள். தமிழில் அது நாம் தேடாமல் வந்து மோதுவதற்குப் பெயராகிவிட்டது. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் போவது அபாயம். விடியற்காலையில் தேயிலைக்குள்ளிருந்து காட்டுமாடு குறுக்கே பாய்வது அபாயம். இங்கே உட்கார்ந்தால் போலீஸ் வரும், எழச் சொல்லும், எழாவிட்டால் வேனில் ஏற்றும் என்று தெரிந்தே உட்காருகிறவருக்கு நேர்வதை எந்தக் கணக்கில் அபாயம் என்பது? வேடிக்கை என்னவென்றால், அந்த நெடிலைக் குறுக்கினால் அபயம். அச்சமின்மை என்று பொருள். நமக்கு வேண்டிய கருத்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கைது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரபியில் கட்டு, விலங்கு என்று பொருள்படும் 'கைத்' உருது வழியாக நம்மிடம் வந்தது, கைதியும் அதே வழி. 'கையைப் பிடித்து இழுத்துப்போவதால் கைது' என்று ஒருவர் எனக்கு விளக்கினார். அழகாக இருக்கிறது, உண்மை இல்லை. சிறையும் தளையும் நம் சொற்கள்.

இந்தத் தளையில்தான் வம்பு ஆரம்பித்தது. அறிக்கையைத் திருத்தலாம் என்று உட்கார்ந்ததும், தனித்தமிழில் பற்றுள்ள நண்பர் ஒருவர் 'தளையேற்பு' என்றார். தளையை ஏற்பது, சுருக்கம், தூய்மை, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு அதில் மூன்று குறை. ஒன்று, பள்ளியில் யாப்பிலக்கணம் படித்த எவருக்கும் தளை என்றால் முதலில் வெண்டளையும் ஆசிரியத்தளையும்தான் நினைவுக்கு வரும், ஏதோ வெண்பாப் பயிற்சி என்று நினைத்து வருவார்கள். அடுத்தது ஏற்பு. பதவியேற்பு, பொறுப்பேற்பு என்று மாலையும் மேடையுமாகப் பழகிய சொல் அது, தளையேற்பு விழா என்று பேனர் கட்டாத குறைதான். இதெல்லாம் போகட்டும், பொருளே தப்பு என்பதுதான் என் பெரிய மனக்குறை. ஏற்பது என்பது வந்ததை வாங்கிக்கொள்வது. வருமா வராதா என்று தெரியாத நிலையில், வந்தால் வரட்டும் என்று முதல் நாளே மனசுக்குள் முடித்துக்கொள்வதை அந்தச் சொல் தொடவே இல்லை. இன்னொருவர் 'தன்னார்வக் கைது' என்றார், ரத்ததான முகாம் மாதிரி. கைது செய்வது போலீஸ், அதில் ஆர்வம் யாருடையது?

'சிறை நிரப்பும் போராட்டம் என்று இருக்கிறதே' என்பீர்கள். அது வேறு. அங்கே சிறைக்குப் போவதே நோக்கம். 1940இல் காந்தி நடத்திய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் எங்கே, எப்போது பேசப்போகிறோம் என்று அதிகாரிகளுக்கு முன்னதாகவே சொல்லிவிட்டுப் போய்க் கைதானார்கள். இங்கே நோக்கம் உட்கார்ந்து போரை எதிர்ப்பது, கைது வந்தால் ஓடமாட்டோம், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் பயிற்சிக்கே அர்த்தமில்லை.

சரி, என் சொல் என்ன? துணிதல். துணி என்றால் வெட்டுப்படு, அறு. நெசவிலிருந்து அறுத்தெடுத்தது துணி. மனம் இரண்டாக ஆடுவதை அறுத்து ஒரு பக்கம் நிற்பது துணிவு. இன்று அதை வெறும் தைரியமாகக் குறுக்கிவிட்டோம். "எண்ணித் துணிக கருமம்" என்ற குறளில் அது முடிவெடுப்பது, அதுவும் எண்ணிப் பார்த்துவிட்டு எடுப்பது. ஆக, கைதுக்குத் துணிதல். கைது அரபியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எல்லாருக்கும் புரிகிறது.

அந்த 'எண்ணி' என்பதில்தான் தயாரிப்பு முழுக்க இருக்கிறது. தடுப்புக் கைது என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 151, இப்போது புதுச் சட்டத்தில் 170ஆம் பிரிவு, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. (2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் அந்தச் சட்டத்தின் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. இதை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.) வழக்குப் போட்டாலும் அதே 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பெண்களை இருட்டிய பின் கைது செய்வதென்றால், விதிவிலக்கான நிலைமையும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். போனை வாங்கிவிடுவார்கள் என்பதால் வக்கீல் நம்பரை முழங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வது நல்லது. சர்க்கரை மாத்திரை, பிள்ளையை ஸ்கூலிலிருந்து யார் கூட்டிவருவது, எல்லாம் முதல் நாளே பேசி முடிக்க வேண்டும். பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள், ஆனால் உறைபனி மாதத்தில் நம் ஊர் மண்டபத் தரை எப்படி இருக்கும் என்று தெரியுமே, கம்பளி இல்லாமல் போகாதீர்கள். இதையெல்லாம் எண்ணிப் பார்த்து, 'என்னால் முடியாது, சின்னக் குழந்தை இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அவர் கோழை இல்லை. அவருக்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று யோசித்து, துணைநிற்போர் என்று வைத்தோம்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் இதனால்தான். ஆங்கில வரியில் எத்தனை சொல் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒவ்வொன்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தன் போராட்டத்துக்கு 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' (செயலற்ற எதிர்ப்பு) என்ற பெயர் பொருந்தவில்லை என்று தென்னாப்பிரிக்காவில் காந்தி பத்திரிகையில் போட்டியே வைத்தார். உறவினர் மகன்லால் காந்தி 'சதாகிரகம்' என்று எழுதி அனுப்ப, அதையும் திருத்தித்தான் சத்தியாக்கிரகம் ஆக்கினார். ஒரு சொல்லுக்கு அவ்வளவு மெனக்கெட்டவர்கள் வழியில் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு அபாயத்தை எடுக்கச் சொல்கிறோம்.

நேற்று புது அறிக்கை வந்தது. கைதுக்குத் துணிந்தோர் ஒரு பக்கம், துணைநிற்போர் ஒரு பக்கம் என்று போட்டிருந்தோம். எனக்குப் பெருமைதான். அந்த அம்மாவிடம் காட்டினேன். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. அங்கே மறியல் என்றால் ஜெயில், இங்கே மறியல் என்றால் ரோட்டில் உட்காருவது. இரண்டும் 'மறி', தடுத்தல்தான்.

"ஓ, மறியலுக்குப் போறவங்க இந்தப் பக்கம், சோறு கொண்டு வர்றவங்க அந்தப் பக்கமா?" என்றார். சோற்றைப் பற்றி நாங்கள் யாரும் அதுவரை யோசிக்கவே இல்லை.