அழைப்பிதழில் விடுபடும் பெயர்கள்

அரங்கேற்ற மேடைகளில் தொகுப்புரை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "ஐயாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த நம் பரதக் கலை..." பரதம் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த வரி ஒவ்வொரு முறையும் உறுத்தும். பழமையைப் பேசட்டும், சரி. நேற்றுவரை இந்த ஆட்டத்தைக் கட்டிக் காத்தவர்களைப் பற்றி அதற்கப்புறம் யாரும் வாய் திறப்பதில்லையே, அதுதான் வருத்தம்.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று உங்கள் பிள்ளை ஆடுகிற கச்சேரி வரிசைக்கு ஏறத்தாழ 200 வயதுதான். தஞ்சை மராட்டியர் அரசவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் ஒழுங்குபடுத்தித் தந்தது அது. அவர்கள் வழிவந்த நட்டுவனார்களும் (ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துத் தாளம் தட்டி நடத்துபவர்கள்), கோயிலிலும் சதிர் என்று அன்று அழைத்த இந்த ஆட்டத்தின் கச்சேரிகளிலும் ஆடிய இசை வேளாளர் குடும்பத்துப் பெண்களும் அதை அடுத்தடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள்.

1930களில் அந்தச் சதிர்தான் பரதநாட்டியம் என்ற புதுப் பெயரோடு சபா மேடை ஏறியது. 1947இல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்த வழக்கம் ஒழிய வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஆட்டம் புது வீடுகளுக்குக் குடிபோனபோது, அதை அதுவரை வைத்திருந்தவர்களின் பெயர் கூடவே போகவில்லை. புகழ்பெற்ற ஆடற்கலைஞர்களான பாலசரஸ்வதி, ருக்மிணி தேவி இருவருமே மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயம் பயின்றவர்கள். கபாலீசுவரர் கோயிலில் ஆடிய அந்த அம்மாளைத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்?

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன், தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் பெண்கள், நானூறு பேரின் விவரத்தை வெட்டி வைத்திருக்கிறான். ஒவ்வொருவரின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு ஊதியமாக நூறு கலம் நெல் என்று எல்லாம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லிலேயே முடிந்திருக்கிறது. நம் வழவழப்பான அழைப்பிதழில் வர்ணத்தை இயற்றியவர் பெயருக்குக்கூட இடமில்லை.

2003இல் யுனெஸ்கோ கொண்டுவந்த உடன்படிக்கை, கலை, சடங்கு, கைத்திறன் போன்றவற்றை வாழும் மரபாகப் பார்க்கிறது. மேடை நிகழ்ச்சி மட்டும் அதில் மரபாகிவிடாது; தலைமுறையிலிருந்து தலைமுறைக்குப் போகும் அறிவும் பழக்கமும்தான் மரபு. இதை நான் வகுப்பில் கண்ணால் பார்க்கிறேன். தட்டுக்கழியைத் தட்டுமணையில் தட்டி "தெய்யா தெய்" சொல்லும்போது என் கண் பிள்ளையின் முட்டியில் இருக்கும். அரைமண்டி (முட்டியை மடக்கி நிற்கும் நிலை) தளர்ந்தால் தாளத்தின் வேகத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பேன். மூச்சு திரும்பியதும் விட்டுவிடுவேன். யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை, என் குருவின் கை செய்ததைப் பார்த்து வந்தது. இப்படித் தாளம் தட்டிச் சொல் சொல்லி ஆட்டத்தை நடத்துவதுதான் நட்டுவாங்கம். பதிவுசெய்த நட்டுவாங்கம் இப்படிக் காத்திருக்காது. செலவு மிச்சம் என்று பதிவைப் போட்டு ஆடவைப்பது பெருகிவிட்டது, பெற்றோரின் சிரமமும் புரிகிறது. குறைந்தபட்சம் அரங்கேற்றத்துக்காவது நட்டுவாங்கத்துக்கு ஆள் வையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. குருவிடம் பாணி எது, இந்த ஜதியை (தாளச் சொற்களின் கோவையை) யார் கோத்தது, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எந்த நல்ல ஆசிரியரும் மகிழ்ந்து சொல்வார். பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். மேடையைப் படம்பிடிக்க ஆகும் செலவில் கொஞ்சத்தை, மூத்த ஆசிரியர் ஒருவர் பாடம் எடுப்பதைப் பதிவுசெய்யச் செலவிடுங்கள், அவர் சம்மதத்தோடு. பிள்ளையைத் திருத்துகிற இடங்களை வெட்டிவிடாதீர்கள். பழைய நட்டுவனார் வீடுகளில் ஜதிச் சொற்கட்டு எழுதிய நோட்டுகள் இருந்தால், அந்தக் குடும்பத்தார் அனுமதியுடன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, மூலத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.