கூடாரம் போடக் கூடாத ஏரிக்கரை

கலிபோர்னியாவில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சியரா நெவாடா மலைப்பக்கம் போகிறார்களாம். குழாய்த் தண்ணீர் கிடையாது, கரண்ட் கிடையாது, ஒரு குழிக் கழிப்பறை மட்டும் இருக்கும், அப்படிப்பட்ட ஏரிக்கரை முகாம் ஏதாவது ஒன்றில் கூடாரம் அடித்துத் தங்குவதாகத் திட்டம். அதே பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்பி மரங்களை எல்லாம் கொன்றுவிட்டது, அங்கிருந்த முகாமையே மூடிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். "மரம் அதைத்தானே சாப்பிடுகிறது? சாப்பாடே எப்படி மரத்தைக் கொல்லும்? யாராவது கிளப்பிவிட்ட கதையா?" என்பது அவருடைய கேள்வி.

கதை இல்லை, உண்மையாக நடந்தது. அந்த இடத்தின் பெயர் ஹார்ஸ்ஷூ ஏரி. மாமத் மலையின் தெற்கு அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து 2,700 மீட்டருக்கும் மேலே, ஊசியிலைக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மாமத் மலை ஓர் எரிமலை. சுமார் 57,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை பலமுறை எரிகுழம்பைக் கக்கி, அது அடுக்கடுக்காகக் குவிந்து உருவான மலை. இன்று அதன் சரிவுகளில் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். அதற்கு வடகிழக்கே ஒட்டினாற்போல் கிடக்கும் லாங் வேலி என்ற பெரிய பள்ளம், 7,60,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பிரம்மாண்ட வெடிப்பில் நிலம் உள்வாங்கியதால் ஏற்பட்டது.

1989-இல் இந்த மலைக்கு அடியில் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. பெரும்பாலானவை மனிதர்களுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை, கருவிகள் மட்டுமே பிடித்தன. அடுத்த ஆண்டு ஏரிக்கரையில் மரங்கள் காய ஆரம்பித்தன. அந்தச் சமயத்தில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி, அதனால் வறட்சிதான் காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள், அப்புறம் பூச்சி என்றார்கள். இரண்டும் பொருந்தவில்லை. பூச்சி என்றால் ஏதாவது ஒரு ஜாதி மரத்தைத்தான் தாக்கும், வறட்சி என்றால் இளங்கன்றுகள் முதலில் போகும். இங்கேயோ பைன், ஃபிர், ஹெம்லாக் என்று வித்தியாசமில்லாமல், கிழட்டு மரமும் கன்றும் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. 1990 மார்ச்சில், பனி மூடிக் கிடந்த ஒரு கேபினுக்குள் போன வனத்துறை ரேஞ்சருக்கு மூச்சுத் திணறியது. 1994-இல்தான் மண்ணுக்குள்ளே இருக்கும் காற்றை எடுத்து அளந்து பார்த்தார்கள். சாதாரண மண்ணில் அந்தக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மரம் செத்த இடங்களில் 20 சதவீதத்தில் ஆரம்பித்து 90-ஐயும் தாண்டியது.

மரம் ஏன் செத்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம், பள்ளிப் பாடம்தான். கார்பன் டை ஆக்சைடை வைத்துச் சர்க்கரை செய்வது இலையின் வேலை. வேருக்கு அந்த வேலை கிடையாது. மேலிருந்து வரும் சர்க்கரையை எரித்து அது உயிர்வாழ்கிறது, அதற்கு நம்மைப் போலவே ஆக்சிஜன் வேண்டும், அந்த ஆக்சிஜனை மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்குகளை எல்லாம் எரிமலை வாயு பிடித்துக்கொண்டால் வேர் மூச்சுமுட்டிச் சாகும், வேர் போனால் இலைக்குத் தண்ணீர் ஏறாது. ஆக வாசகி சொன்னது சரி, மரத்துக்கு அது உணவுதான், ஆனால் மேலே இருக்கிற வரைக்கும்.

இந்த வாயு எங்கிருந்து வந்தது? பாறைக்குழம்பில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். அந்தக் குழம்பு ஆழத்திலிருந்து மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் வாயு பிரிந்து வெளியே வரும். மற்ற எரிமலை வாயுக்களுக்கு எல்லாம் முந்திக்கொண்டு, வெகு ஆழத்திலேயே பிரிந்துவிடுவது இதுதான். 1989-இல் கொஞ்சம் பாறைக்குழம்பு மலைக்கு அடியில் நுழைந்தது, அந்த அதிர்ச்சியில் ஏற்கெனவே தேங்கிக் கிடந்த வாயுவுக்கும் பழைய விரிசல்கள் வழியாகப் பாதை கிடைத்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். 1990-களின் நடுவில் கணக்கிட்டபோது, நாளொன்றுக்கு 1,000 டன்னுக்கு மேல் வெளியே வந்துகொண்டிருந்தது. வெடிப்பில்லை, புகையில்லை. எரிமலை என்றாலே நினைவுக்கு வரும் கந்தக நாற்றம்கூட இல்லை, ஏனென்றால் வரும் வழியில் நிலத்தடி நீர் இருக்கிறது. கந்தக வாயுக்கள் அந்த நீரில் நன்றாகக் கரைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. கார்பன் டை ஆக்சைடும் கரையும்தான், ஆனால் வருகிற அளவு அதிகம் என்பதால் நீர் ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது, மிச்சம் எல்லாம் மேலே வந்துவிடும். அதுவும் மலைக்காற்றின் குளிரோடு, நிறமில்லாமல், மணமில்லாமல் வரும்.

சரி, இது எரிமலை வாயுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? கார்பன் டை ஆக்சைடு மக்கும் இலைதழையிலிருந்தும் வரும், மண்ணில் இருக்கும் கிருமிகளும் விடும். இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலுக்காகத்தான் எனக்கு இந்த ஏரிக்கரையின் மேல் இவ்வளவு பிரியம். நிதானமாகச் சொல்கிறேன்.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் வந்து பூமியின் மேல் வளிமண்டலத்தில் மோதுகின்றன. அந்த மோதலில் தெறிக்கும் நியூட்ரான்கள் அங்கிருக்கும் நைட்ரஜன் அணுக்களைத் தாக்க, அவற்றில் சில கார்பன்-14 ஆக மாறுகின்றன. சாதாரண கார்பனைவிடக் கொஞ்சம் கனமான, கதிரியக்கம் உள்ள கார்பன். அது ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகி, காற்றில் கலந்து கீழே வருகிறது, செடிகள் அதை உறிஞ்சுகின்றன, செடிகளை நாம் தின்கிறோம். சுமார் ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் அது இப்போது உங்கள் கையிலும் இருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். புதிதாக வரத்து இல்லாமல் எங்காவது அடைபட்டுவிட்டால் மெல்ல மெல்லத் தேய்ந்து, 50,000 ஆண்டுகளுக்கு அப்புறம் அளக்கக்கூட மிஞ்சாது. பாறைக்குழம்பில் இருக்கும் கார்பன் பூமிக்குள் அதைவிட எத்தனையோ மடங்கு காலம் கிடந்தது, அதில் கார்பன்-14 கிடையவே கிடையாது.

இப்போது ஏரிக்கரையில், செத்த காட்டின் ஓரத்தில், தப்பிப் பிழைத்து நிற்கும் ஒரு மரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் இலைகளுக்கு வரும் காற்றில் பெரும்பங்கு உலகத்துக்குப் பொதுவான காற்று, ஒரு சின்னப் பங்கு எரிமலை விட்ட காற்று. மரத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் எடுத்துச் சர்க்கரையாக்கி அந்த ஆண்டின் வளையமாகக் கட்டிவிடும். ஆனால் எரிமலையிலிருந்து வந்த பங்கில் கார்பன்-14 இல்லாததால், அந்த வளையத்தில் கார்பன்-14 அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். அடுத்த ஆண்டு வாயு அதிகம் வந்தால் அடுத்த வளையத்தில் இன்னும் குறையும், வாயு ஓய்ந்தால் மறுபடி ஏறும். எரிமலை எந்த ஆண்டு எவ்வளவு மூச்சு விட்டது என்ற கணக்கை, யாரும் கேட்காமலே, மரம் தன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது!

அதைப் படிக்க மரத்தை வெட்டவும் வேண்டாம். கையால் திருகும் ஒரு துளைப்பானை வைத்து, பட்டையிலிருந்து உள்நோக்கி 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மெல்லிய குச்சியை உருவி எடுக்கலாம், மரம் பிழைத்துக்கொள்ளும். வளையங்களை எண்ணி ஆண்டு குறித்து, ஒவ்வொன்றாகச் சீவி அளக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. 1950-களிலும் 60-களிலும் திறந்த வெளியில் அணுகுண்டுச் சோதனை நடத்தியதில் உலகக் காற்றில் கார்பன்-14 கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி, பிறகு ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தது. ஆகவே ஏரிக்கரை மரத்தை மட்டும் அளந்தால் போதாது, வாயு எட்டாத தொலைவில் நிற்கும் மரத்தில் அதே ஆண்டின் வளையத்தோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டார்கள். பழைய வளையங்களில் இரண்டும் ஒத்துப்போயின. 1990-ஐ ஒட்டி ஏரிக்கரை மரத்தின் அளவு சட்டென்று கீழே போனது. நிலநடுக்கக் கருவிகள் 1989-இல் சொன்னதையும், காடு 1990-இல் காயத் தொடங்கியதையும், ஒரு மரத்துண்டு தனியாக உறுதிப்படுத்திவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஒரு மரத்துக்குக் கிடைத்த கார்பனில் ஐந்தில் ஒரு பங்கு எரிமலையுடையது என்று வைத்துக்கொள்வோம். விஷயம் தெரியாத ஒருவர் அதன் கட்டையை, மிஞ்சிய கார்பன்-14-ஐ அளந்து வயது சொல்லும் வழக்கமான கார்பன் கணிப்புக்கு அனுப்பினால், போன வருடம் வளர்ந்த கட்டைக்கு வயது சுமார் 1,800 ஆண்டு என்று விடை வரும். எரிமலைப் பகுதிகளில் தோண்டியெடுத்த மரத்துக்கும் கரிக்கும் வயது சொல்லும்போது தொல்லியல் ஆட்கள் ஏன் அத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது புரிகிறதா?

1940-இல் பெர்க்லியில் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் கார்பன்-14-ஐக் கண்டுபிடித்தபோது அவர்கள் மனத்தில் எரிமலை இருந்திருக்காது. அதை வைத்து வயது கணிக்கலாம் என்று காட்டி 1960-இல் நோபல் வாங்கிய வில்லர்ட் லிபி மனத்திலும் இருந்திருக்காது. 1980-இல் அந்த வட்டாரத்தில் பெரிய நிலநடுக்கங்கள் வந்த பிறகு வைத்த கருவிகளை, ஒன்றும் நடக்காத வருடங்களிலும் அணைக்காமல் ஓட்டியதால்தான் 1989 பதிவானது. ஆய்வுக்குப் பணம் கேட்டு வருகிறவரிடம் "இதனால் உடனே என்ன பயன்?" என்பதை முதல் கேள்வியாக வைக்கும் வழக்கம் எனக்குக் கோபமூட்டுகிறது. பத்து வருடம் சும்மா அளந்துகொண்டிருக்கும் வேலைக்குத்தான் முதலில் நிதியை வெட்டுகிறார்கள், ஏதாவது நடந்துவிட்டால் அதே ஆட்கள் பத்து வருடத்துத் தரவு எங்கே என்று கேட்கிறார்கள்.

இனி கூடாரத்துக்கு வருவோம். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. பகலில் வெயிலும் காற்றும் அதைக் கலைத்துவிடும், நடந்து போகிறவரின் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கும், ஒன்றும் ஆகாது. காற்று நின்ற இரவில் அது பள்ளமான இடமாகப் பார்த்துத் தேங்கும். கூடாரத்தில் நம் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது, அதுவும் ஏழெட்டு மணி நேரத்துக்கு, போதாக்குறைக்குக் கூடாரத் துணி காற்றோட்டத்தையும் மறைக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வழக்கமாக 0.04 சதவீதம்தான். 5 சதவீதத்தில் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். 10-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 30-க்கு மேல் போனால் எழுந்து ஓட நேரம் கிடைக்காது. மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்துச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம், சுடர் அணைவதற்கு முன்பே மனிதர் தலைசுற்றி விழுந்துவிடுவார்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் புளியமரம் கட்டாயம் நினைவுக்கு வரும். ராத்திரி புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பார்கள். அதற்கு அறிவியல் சாயம் பூசி, மரம் இரவில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, அதனால்தான் முன்னோர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள் இன்னொரு பக்கம். பேய்க்கதையைவிட இது எனக்கு அதிக எரிச்சல் தருகிறது. ஒரு மனிதர் நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறார், அதுவும் நம் முகத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு. திறந்த வெளியில் நிற்கும் மரம் இரவில் விடுவது காற்றில் கலந்து காணாமல் போய்விடும், அதனால் யாரும் சாக மாட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு ஆளைக் கொல்ல வேண்டுமானால் ஓர் எரிமலையோ மூடிய கிணறோ வேண்டும்.

மாமத் மலையில் அதைவிடக் கொடிய பொறி பனி. பனிப்போர்வை மூடிபோல் உட்கார்ந்துகொள்ள, கீழே வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். 2006 ஏப்ரலில் அந்த மலையின் பனிச்சறுக்குப் பகுதியில், பனிக்கு அடியில் மறைந்திருந்த வாயுத் துளை ஒன்றுக்கு வேலி போட்டுக்கொண்டிருந்த காவலர்கள் இருவர் பனி சரிந்து உள்ளே விழுந்தார்கள். காப்பாற்ற இறங்கிய ஒருவரையும் சேர்த்து மூன்று பேர் இறந்தார்கள்.

ஹார்ஸ்ஷூ ஏரி முகாமை 1990-களிலேயே வனத்துறை மூடிவிட்டது. கழிப்பறைகளுக்குள் அளந்தபோதே வாயு அளவுக்கு மேல் இருந்தது, அடைசலான இடம் எதுவானாலும் அங்கே ஆபத்துதான். ஏரியைப் பார்க்கப் பகலில் போகலாம், இன்றும் நிறையப் பேர் போகிறார்கள், எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. போனால் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும் மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் அந்தப் பகுதியில் குழி தோண்டி விளையாட விடாதீர்கள், பள்ளத்தில் படுக்க விடாதீர்கள், நாய் கூட வந்தால் கயிற்றைக் கையிலேயே வைத்திருங்கள், அதன் மூக்கு நம் மூக்கைவிடத் தாழ்வாக இருக்கிறது. தங்குவதற்கு அதே ஏரிக்கூட்டத்தில் ட்வின் லேக்ஸ், லேக் மேரி, லேக் ஜார்ஜ் ஆகிய இடங்களில் வனத்துறை முகாம்கள் உண்டு. வேறு எந்த எரிமலைக் காட்டுக்குப் போனாலும், கூடாரத்தை மேடான, காற்று வரும் இடத்தில் அடியுங்கள். ஒரு வட்டாரத்தில் எல்லா ஜாதி மரமும் ஒன்றாகச் செத்து நின்றால் அங்கே இறக்கிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.