பார்வைப் புலம்: பட்டாவில் இருக்கிற சொல்தான்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அண்ணன் வீட்டு முற்றத்தில், தை மாத இரவொன்றில் என் 8 அங்குலத் தொலைநோக்கியை வைத்திருந்தேன். சேலத்து வெளிச்சத்தில் தென்மேற்கு அடிவானம் வெளுத்துக் கிடந்தது. உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகை. பெரிதாகத் தெரியட்டுமே என்று 10 மி.மீ. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை, போட்டேன். குனிந்து பார்த்தவர், "அறுமீன்னு சொன்னீங்க தம்பி, இதுல ரெண்டுதான இருக்கு?" என்றார்.

"ஃபீல்ட் ஆஃப் வியூ கம்மிண்ணே."

"அப்படின்னா?"

சட்டென்று தமிழ் வரவில்லை.

அதற்குப் பார்வைப் புலம் என்று சொல் உண்டு; காட்சிப் புலம் என்றும் எழுதுவார்கள். கருவியை ஆட்டாமல் வைத்தால் ஒரே பார்வையில் அடங்கும் வானத்தின் அகலம். பாகையில் சொல்வது வழக்கம். 'பார்வைப் பரப்பு' எனக்கு ஒப்பவில்லை. இங்கே அளப்பது வட்டத்தின் விட்டத்தை, பரப்பை அல்ல.

ஆங்கில ஃபீல்டுக்குப் பழைய பொருள் திறந்தவெளி நிலம். புலம் என்றாலும் வயல், இடம், திசை. அண்ணனின் பட்டாவிலேயே 'புல எண்' இருக்கிறது. ஆனால் ஃபீல்டுக்கு இல்லாத ஒரு சொந்தம் புலத்துக்கு உண்டு: ஐம்புலன், புலப்படுதல். கண்ணில் படுவது என்கிற பொருள் சொல்லுக்குள்ளேயே இருப்பதால், 'பார்வை' என்ற ஒட்டு இல்லாமல் புலம் என்றாலே போதும் என்பேன். காந்தப் புலத்தோடு குழம்பாதிருக்க வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கணக்குக்கு இரண்டு புலம் தேவை. ஐபீஸுக்குள் கண்ணுக்கு விரியும் வட்டம் தோற்றப் புலம். சாதாரண பிளாசல் வகையில் சுமார் 50 பாகை. அதை உருப்பெருக்கத்தால் வகுத்தால் மெய்ப்புலம். என் கருவியின் குவியத் தூரம் 1200 மி.மீ. அதை ஐபீஸின் மி.மீ. அளவால் வகுத்தால் உருப்பெருக்கம்: 10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கு. 50-ஐ 120-ஆல் வகுத்தால் 0.42 பாகை. அரைப் பாகை அகலமுள்ள முழுநிலவே அதில் அடங்காது. ஏறக்குறைய 1 பாகைக்குப் பரந்த அறுமீன் எங்கே அடங்கும்? 25 மி.மீ.க்கு மாற்றினேன். 48 மடங்கு, 1.04 பாகை. ஆறும் விளிம்பை ஒட்டிக்கொண்டு வந்து நின்றன.

படம் எடுப்பவர்களுக்கு ஐபீஸ் கணக்கு கிடையாது. சென்சாரின் அகலத்தைக் லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, பாகையாக்க 57.3-ஆல் பெருக்க வேண்டும். 23.5 மி.மீ. சென்சார், 500 மி.மீ. லென்ஸ் என்றால் 2.7 பாகை. கார்த்திகை தாராளமாக உட்காரும்.

"இந்த 50 பாகையை யார் அளந்தா?" என்றார் அண்ணன். நிலம் அளந்து பழகியவர், விடுவாரா? அதற்கும் வழி இருக்கிறது. ஓரையன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பு மீன்கள் மூன்றில் மேற்கே இருக்கும் மிண்டாக்கா, பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே போகும் வான நடுக்கோட்டை ஒட்டியே நிற்கிறது. 4 நிமிடத்தில் 1 பாகை நகரும். அதை வட்டத்தின் கிழக்கு விளிம்பில் வைத்து, நடுவழியாக ஓடவிட்டு, மறையும்வரை நேரம் பார்த்தால் போதும். அந்த நேரம் மெய்ப்புலத்தைச் சொல்லிவிடும்; 50 பாகை சரியென்றால் 25 மி.மீ.க்கு 4 நிமிடம் 10 விநாடி வர வேண்டும். போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டுக்கொண்டு அவரே குனிந்தார்.